சாட்சியின் வீட்டில் ஓர் அறை

தம்பி விடுதலையாகி வந்த அன்று அக்கா முதலில் செய்த காரியம், கணவரைக் கடைக்கு அனுப்பியதுதான். வீட்டில் எல்லாப் பொருளும் இருந்தன. இருந்தும், கூடத்து விளக்கு ஒன்று போய்விட்டது, அது பெரிய கடைத்தெருவில்தான் கிடைக்கும் என்று சொன்னாள். எந்த விளக்கு என்று அவரும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் பொழுது சாயும்வரை திரும்பவில்லை. தம்பி வாசற்படியில் கால் வைக்கும்போது எதிரே நிற்கக் கூடாத ஒரே மனிதர் தாம்தான் என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதற்கு ஒரு விளக்கு உதவியது.

அவனைப் பதினோரு ஆண்டுகள் சிறையில் வைத்தது அவருடைய சாட்சி.

ஊரார் அவரை மேஸ்திரி என்றே அழைத்தார்கள். பேருந்துகளுக்கு இருக்கையுறையும் சரக்கு வண்டிகளுக்குக் கித்தான் மூடுதுணியும் தைக்கும் பட்டறையில் அவர் தலைமைத் தையற்காரர். மனைவியின் தம்பியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தாம். அவன் இடக்கைக்காரன். பட்டறையில் ஒரு வாரத்துக்குள்ளேயே அவனுக்கு நொட்டாங்கை என்று பெயர் விழுந்துவிட்டது. அவனும் அதற்குச் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். பிற்பாடு செய்தித்தாள்காரர்களும் அந்தப் பெயரைத்தான் கொட்டை எழுத்தில் போட்டார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஒரு காலையில், சரக்கறையைக் காத்துவந்த கிழவர் பட்டறையின் பின்கட்டில் இறந்துகிடந்தார். உடல் ஒரு கித்தானில் சுற்றப்பட்டிருந்தது. கித்தானின் வாயை யாரோ கோணி ஊசியால் தைத்து மூடியிருந்தார்கள். போலீசார் அந்தத் தையலை மேஸ்திரியிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். அந்தத் தொழிலில் ஊசி எப்போதும் தைப்பவனை நோக்கித்தான் வரும். வலக்கைக்காரன் தைத்தால் தையல் ஒரு பக்கம் சாயும். இடக்கைக்காரன் தைத்தால் மறுபக்கம் சாயும். கித்தானின் வாயில் இருந்த தையல் மறுபக்கம் சாய்ந்திருந்தது. பட்டறையில் இடக்கைக்காரன் ஒருவனே. மேஸ்திரி தலை குனிந்தபடி, இது இடக்கை வேலை என்றார். நீதிமன்றத்தில் கூண்டேறி, தலை நிமிர்ந்து, அதையே மறுபடியும் சொன்னார். உறுதியாகத் தெரியுமா என்று நீதிபதி கேட்டார். தையல் பொய் சொல்லாது என்று மேஸ்திரி பதில் சொன்னார். அன்றிரவு எங்கே இருந்தாய் என்று தம்பியைக் கேட்டார்கள். அறையில் தனியாகப் படுத்துத் தூங்கினேன் என்றான். அதற்கு யார் சாட்சி என்று கேட்டார்கள். தூங்குகிறவனுக்கு யார் சாட்சி இருப்பார்கள்?

கொன்றவன், பட்டறைக்குச் சரக்கு ஏற்றிவந்த வண்டியோட்டி. பல ஆண்டுகள் கழித்து வேறொரு வழக்கில் பிடிபட்டவன், இதையும் தானே கக்கிவிட்டான். மறுவிசாரணையில் அவன் கையில் கோணி ஊசியையும் ஒரு துண்டுக் கித்தானையும் கொடுத்துத் தைக்கச் சொன்னார்கள். அவன் ஆயுளில் அதற்கு முன் ஒரே ஒருமுறைதான் ஊசியைத் தொட்டிருந்தான். தன்னைவிட்டு வெளிப்பக்கமாக, முள்ளால் மண்ணைக் குத்துகிறவனைப் போலக் குத்திக் குத்தித் தைத்தான். அவன் வலக்கைக்காரன்தான், ஆனாலும் தையல் அச்சாக மறுபக்கம் சாய்ந்து விழுந்தது. ஊசி பிடிக்கத் தெரியாத ஒருவனும் உலகத்தில் இருப்பான், அவனும் அவசரத்துக்கு ஊசியை எடுப்பான் என்பது மேஸ்திரிக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அவருக்கு மட்டுமன்று, அந்தத் தொழிலில் இருந்த எவருக்கும் தோன்றியதில்லை. அன்று நீதிமன்றத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர், வீட்டுக்கு வந்து நெடுநேரம் கை கழுவினார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சே மாறிப்போயிற்று. எதையும் அடித்துச் சொல்கிற மனிதர், இப்போது எதைக் கேட்டாலும் ‘இருக்கலாம்’ என்றார். இது யார் தைத்தது என்று கேட்டால், தைத்தவனைக் கேள் என்பார். மழை வருமா என்று கேட்டால், வந்தால் தெரியும் என்பார். மேஸ்திரியிடம் டீ சூடாக இருக்கிறதா என்று கேட்டால், டீயையே விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார் என்று பட்டறையில் கிண்டல் செய்தார்கள். மனைவி அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பார்க்காத ஒன்றை இனி வாயால் சொல்வதில்லை என்று அந்த மனிதர் தமக்குத் தாமே ஒரு தண்டனை விதித்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்டனை நியாயமானது என்றே அவளும் அப்போது நினைத்தாள்.

மகள் கல்யாணமாகிப் போனபின் காலியாகக் கிடந்த அறையைத் தம்பிக்கு ஒழித்துக் கொடுத்தாள். அலமாரியைத் துடைத்தாள், ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டாள். அவன் வந்தான், பார்த்தான், நல்லா இருக்கு அக்கா என்றான். ஆனால் கதவைச் சாத்த விடவில்லை. தூங்கும்போதும் கதவு விரியத் திறந்திருக்க வேண்டும். தான் அங்கேதான் இருக்கிறான் என்பது கூடத்தில் போகிறவர் வருகிறவர் கண்ணில் பட வேண்டும்.

கதவோடு நின்றிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். அவன் எங்கே போனாலும் சாட்சி சேர்த்துக்கொண்டு போனான். தெருமுனைக் கடைக்குச் சோப்பு வாங்கப் போகும்போது, அவளைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டு நிறுத்தி, மணியைப் பார்க்கச் சொல்வான். கடைக்காரரிடம் தேவையில்லாமல் ஒரு விலை கேட்பான். அவர் தன்னை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். திரும்பும் வழியில் எதிர்வீட்டு அம்மாவுக்கு ஒரு வணக்கம் வைப்பான். அந்த அம்மாள் ஒருநாள் அவளிடமே கேட்டுவிட்டாள்: உன் தம்பி தேர்தலுக்கு நிற்கப் போகிறாரா என்று.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்று மாலை அவனை உட்காரவைத்துக் கேட்டாள்.

“ஏன்டா, சோப்பு வாங்கப் போறதுக்குக்கூடச் சாட்சி வேணுமா?”

“அன்னைக்கு ஒரே ஒருத்தர் பார்த்திருந்தா போதும்க்கா.”

“அது முடிஞ்சுபோச்சு. ஊரெல்லாம் சாட்சி வச்சுக்கிட்டு அலையாதே. பார்க்கிறவங்களுக்குத்தான் சந்தேகம் வரும்.”

அவன் தலையாட்டினான். சின்ன வயதிலிருந்தே அக்கா பேச்சைத் தட்டாதவன். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழக்கத்தை விடத் தொடங்கினான். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

பட்டறை இப்போது பழைய முதலாளியின் மகன் கையில் இருந்தது. அவர் தாமாகவே ஆள் அனுப்பி, பழைய இடத்திலேயே வந்து உட்காரச் சொன்னார். தம்பி உடனே ஒப்புக்கொண்டான். கைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். மேஸ்திரியிடம் கேட்டதற்கு, வரட்டும் என்ற ஒரே சொல்லோடு முடித்துக்கொண்டார். இருவரும் ஒரே வீட்டிலிருந்து பத்தடி இடைவெளியில் கிளம்பி, ஒரே கூடத்தில் இரண்டு முனைகளில் உட்கார்ந்து தைத்து, பத்தடி இடைவெளியில் வீடு திரும்பினார்கள். பேச்சு மட்டும் இல்லை. பட்டறையில், அந்த ஓரத்தை இன்னும் கொஞ்சம் மடித்து அடிக்கச் சொல் என்று மேஸ்திரி நடுவில் இருப்பவனிடம் சொல்வார். வீட்டில், அவனுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமா கேள் என்று அவளிடம் சொல்வார். போதும் என்று சொல்லிவிடு அக்கா என்று மறுமொழி வரும். இரண்டு பேரும் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் என்ன, தபால் ஆபீசா என்று அவள் ஒருநாள் தட்டைத் ‘தொம்’மென்று வைத்தாள். இருவரும் ஒரே நேரத்தில் தலைகுனிந்து சாப்பிட்டார்கள். அந்த ஒற்றுமைக்கு மட்டும் குறைவில்லை.

தம்பிக்கு வேறோர் ஊரிலிருந்து ஓர் அழைப்பு இருந்தது. சிறையில் அவனோடு இருந்து முன்னமே வெளியே போன ஒருவர், மொத்தக் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குவதற்கு ஆள் வைத்து வேலை நடத்திக்கொண்டிருந்தார். தங்க இடமும் தருவதாகச் சொல்லியிருந்தார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதை அவன் அக்காவிடம் மறைக்கவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றுவிட்டது.

“ஊசி பிடிச்ச கையால மூட்டை தூக்கப் போறியா? இங்க உனக்கு என்னடா குறை?”

 அவன் கொடியில் தொங்கிய சட்டையின் கையைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டான்.

“மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாம்க்கா. அத்தான் வேணும்னு பொய் சொல்லல, அது எனக்குத் தெரியும். ‘நீ செய்யலடா’ன்னு அவர் வாயால ஒரு தடவை சொல்லட்டும். கோர்ட்டு சொல்லிடுச்சு. பேப்பர்ல போட்டுட்டாங்க. அவர் இன்னும் சொல்லல. அவர் சொன்னா நான் இந்த வீட்டுலயே இருந்துடறேன். சொல்லாத வரைக்கும் இது அந்தச் சாட்சியோட வீடுக்கா. நான் அதுல ஒரு அறையில தங்கியிருக்கேன், அவ்வளவுதான்.”

அவளுக்கு நியாயமாகப் பட்டது. ஒரே ஒரு வாக்கியம். பத்து எழுத்துக்கூட வராது. மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. இதைக்கூட வாங்கிக் கொடுக்க முடியாவிட்டால் இத்தனை வருடம் ஒருவரோடு குடும்பம் நடத்தியதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு கணவரிடம் போனாள்.

மேஸ்திரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நீதிமன்றமே சொன்னபிறகு தாம் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டார். அவனுக்கு உங்கள் வார்த்தைதான் வேண்டும் என்றாள்.

“என் வார்த்தைக்கு என்ன மதிப்பு? அதை வச்சுத்தானே அவனை உள்ள தள்ளினாங்க.”

“அதனாலதான் கேக்கறான்.”

“நான் பார்க்கல. அன்னைக்கும் பார்க்கல, ஆனா பார்த்தவன் மாதிரி சொன்னேன். இனிமே பார்க்காததைச் சொல்ல மாட்டேன். அவனுக்கு நான் செய்யக்கூடிய மரியாதை அதுதான்.”

சுவரோடு பேசினாற்போல இருந்தது அவளுக்கு. அதிலும், சுவர் இவ்வளவு நியாயமாகப் பேசாது; அதனால் அதன்மேல் கோபமாவது படலாம். இவரைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. ஒரு தவற்றைத் திருத்திக்கொள்கிற மும்முரத்தில் அதே தவற்றை வேறு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் அவளுக்குப் பட்டது. அதை எடுத்துச் சொல்லும் விதம் தெரியாமல் எழுந்து போனாள். பிறகு இரண்டு மூன்று முறை சாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் பிடி கொடுக்கவில்லை.

மாதக் கடைசி வாரத்தில் பட்டறைக்கு அவசர வேலை ஒன்று வந்தது. புதிய பேருந்துகளுக்கு இருக்கையுறைகள்; சாயங்காலத்துக்குள் வண்டியில் ஏற்றியாக வேண்டும். இப்படி நெருக்கடி வந்தால் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் வந்து, தொங்கும் நூலைக் கத்தரித்து, உறைகளை மடித்து அடுக்கிக் கொடுப்பது அங்கே வழக்கம். அக்காவும் போயிருந்தாள். கூடம் முழுக்க இயந்திரச் சத்தமும் புது ரெக்சின் நாற்றமும் நிறைந்திருந்தன. மடித்த உறைகளை இரும்புத் தள்ளுவண்டியில் அடுக்கிச் சரக்கறைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தம்பியைக் கூடத்தில் காணவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள். சரக்கறையில் அடுக்கிய உறைகளுக்குப் பக்கத்தில், தரையில் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். யாரிடமும் சொல்லவில்லை, மணி கேட்கவில்லை, கதவுகூட ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அவன் இப்படித் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனாள். பையன் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அந்தச் சத்தம் கேட்டது. வண்டியில் ஏற்றுமுன் எண்ணிச் சரிபார்க்கப் போன ஆள், நாலைந்து உறைகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு நீளக் கிழிசல். கத்தியால் இழுத்தாற்போல ஒரே சீராக, ஒரே சாய்வாக இருந்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சரக்கறையில் யார் இருந்தது என்று சின்ன முதலாளி பொதுவாகத்தான் கேட்டார். யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லாக் கண்களும் மட்டும் ஒரே இடத்துக்குப் போயின.

அதற்குள் தன் இடத்துக்குத் திரும்பியிருந்த தம்பி எழுந்து நின்றான். நான்தான் அங்கே படுத்திருந்தேன் என்றான். அவனுடைய இரண்டு கைகளும் தாமாகவே முதுகுப்பக்கம் போய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. அக்கா அதைப் பார்த்தாள். சாட்சி வைத்துக்கொண்டு அலையாதே என்று சொன்னவள் அவள்தான்.

சின்ன முதலாளி கெட்டவரல்லர். இக்கட்டில் அகப்பட்ட மனிதர், கைக்கெட்டிய கொம்பைப் பிடித்தார். கிழிந்த உறை ஒன்றை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினார்.

“மேஸ்திரி, நீங்கதான் பார்த்துச் சொல்லணும். இது எந்தக் கை வேலை?”

அந்தக் கேள்வியின் பழைய நாற்றம் அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. கேட்ட பிறகு அவருக்கே தெரிந்திருக்க வேண்டும், முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கேட்டது கேட்டதுதான். மேஸ்திரி உறையை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கிழிசலின் ஓரத்தை விரலால் மேலிருந்து கீழாகத் தடவினார். பிறகு கீழிருந்து மேலாகத் தடவினார். அக்கா வேறெதையும் பார்க்கவில்லை. அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடுங்கள், இப்போதாவது சொல்லிவிடுங்கள், இவன் செய்யமாட்டான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். கூடத்தின் மறுமுனையில் நின்ற தம்பியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பயமில்லை. வாசலில் யாரையோ எதிர்பார்த்து நிற்கிற குழந்தையின் முகம் அது.

“தெரியாது” என்றார் மேஸ்திரி.

“உங்களுக்கா தெரியாது?”

“எனக்குத் தெரியாது. யார் கைன்னு என்னால சொல்ல முடியாது.”

சொல்லிவிட்டு அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. வாழ்நாள் முழுக்கத் தம் கண்ணைப் பற்றிக் கொண்டிருந்த கர்வத்தை அத்தனை பேர் முன்னிலையில் கழற்றி வைத்த மனிதரின் தெளிவு. அவரைப் பொறுத்தவரை அதைவிடக் கஷ்டமான சொல் வேறில்லை. அதைச் சொல்லியும் விட்டார். பாராட்டை எதிர்பார்க்கிறவர்போலக்கூட இருந்தது.

தம்பி சிரித்தான். சத்தமில்லாத, சின்னச் சிரிப்பு. பிறகு, விடுதலையாகி வந்த நாளிலிருந்து முதன்முறையாக அவரிடம் நேராகப் பேசினான்.

“இந்த வார்த்தையை அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே, அத்தான்.”

 அவன் நேரே நடந்து போய்ப் பட்டறையின் முன்வாசல் படியில், தெருவில் போகிற வருகிற அத்தனை பேருக்கும் தெரியும்படி உட்கார்ந்துகொண்டான். அக்கா பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  வெயிலில் உட்காராதே என்று மட்டும் சொன்னாள். அவன் கொஞ்சம் நகர்ந்து, இருந்த நிழலை அவளுக்குக் கொடுத்தான்.

உள்ளே யாரோ ‘ஐயோ’ என்று கத்தும் சத்தம் கேட்டது. சரக்கு ஏற்றும் ஆள் ஒருவன் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றான். தள்ளுவண்டியின் பக்கத்தகடு கிழிந்து, அரிவாள் மூக்குப்போல உள்பக்கம் வளைந்திருந்தது. அவன் விரலை அறுத்ததும் அதுதான்; உறைகளை அறுத்ததும் அதுதான். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக அடுக்கி, ஒரே பக்கமாக இழுத்து எடுத்ததனால் ஒரே சாய்வாகக் கிழிந்திருந்தது. கை எதுவும் அதில் இல்லை.

எல்லாரும் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்கள். சின்ன முதலாளி வாசலுக்கு வந்து, தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று தம்பியின் தோளைத் தட்டினார். அவனும் சிரித்தான். அதோடு நிற்காமல் உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, கிழிந்ததற்குப் பதிலாகத் தன் பங்குக்கு இரண்டு உறைகளைத் தைத்துக் கொடுத்தான். அவ்வளவு ஒழுங்கான தையலை அந்தப் பட்டறையில் அன்று வேறு யாரும் தைக்கவில்லை. கடைசி நூலையும் அறுத்துவிட்டு, ஊசியைப் பஞ்சுருண்டையில் குத்திவைத்துவிட்டு, கிளம்பினான். இந்த முறை மேஸ்திரி பத்தடிக்கும் அதிகமாகவே பின்தங்கி நடந்தார்.

வீட்டில் தம்பி வயிறாரச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்தபின், காலை வண்டிக்குப் போகிறேன் அக்கா, சந்தைக்காரரிடம் சொல்லிவிட்டேன் என்றான். அவள் அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவன் அறைக்குள் போன பிறகு கணவர் எதிரே வந்து நின்றாள். அவர் தாமே பேசத் தொடங்கினார். தாம் சொன்னதில் என்ன தவறு என்று கேட்டார். உண்மையிலேயே தமக்குத் தெரியாதுதானே என்றார்.

“தெரியாதுதான். எனக்கும்தான் தெரியாது. ஆனா என்கிட்ட கேட்டிருந்தா, அவன் செய்யலன்னு சொல்லியிருப்பேன்.”

“பார்க்காம எப்படிச் சொல்லுவே? அது சாட்சி ஆகுமா?”

“உங்ககிட்ட யாருங்க சாட்சி கேட்டா? அவனை உள்ள தள்ளறதுக்குப் பார்க்காமலே சொன்னீங்க. வெளிய நிக்கிறவனுக்காக ஒரு தடவை பார்க்காம சொல்லக் கூடாதா? அதுல தப்பாப் போனா போகட்டுமே. நம்ம வீட்டுப் பிள்ளைக்காகத் தப்பு சொன்ன மாதிரி இருந்திருக்கும்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.   தம்பியின் அறைக் கதவு வழக்கம்போலத் திறந்தே இருந்தது. இத்தனையும் அவன் காதில் விழுந்திருக்கும். விழட்டும் என்றுதான் அவளும் குரலைத் தாழ்த்தவில்லை.

காலையில் அவள் அடுப்படியில் இருந்தபோது, கணவர் அந்த அறையின் வாசலில் போய் நிற்பதைப் பார்த்தாள். அவன் வந்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கமே போனதில்லை. உள்ளே அவன் போர்வையை மடித்துக்கொண்டிருந்தான். அவர் தொண்டையைச் செருமினார். கை ஒன்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“நீ செய்யல” என்றார்.

தம்பி நிமிர்ந்தான். மடித்த போர்வையைக் கட்டிலின் தலைமாட்டில் சரியாக வைத்தான்.

“எதைச் சொல்றீங்க அத்தான்? நேத்து நடந்ததையா, அப்ப நடந்ததையா?”

“ரெண்டையும்தான்.”

“ரெண்டும் இப்ப எல்லாருக்கும் தெரியுமே.”

அதில் குத்தல் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவன் திட்டியிருந்தால், கத்தியிருந்தால், அந்தச் சண்டையைப் பிடித்துக்கொண்டு அவனை இன்னும் ஒரு நாள் நிறுத்தி வைத்திருப்பாள். இரவு முழுக்கப் புரண்டு படுத்து, தம் விரதத்தை முறித்து, கணவர் ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அவன் கேட்டபோது அதற்கு ஒரு வீட்டின் மதிப்பு இருந்தது. தள்ளுவண்டியின் தகடு தானே வந்து சாட்சி சொன்ன பிறகு, தெருவில் போகிறவனும் அதை இலவசமாகச் சொல்வான். அது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். பிடித்திருந்த நிலையை விட்டுவிட்டு, போகிறவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

பேருந்து நிறுத்தம்வரை மூவரும் போனார்கள். தம்பியின் துணிமூட்டையை மேஸ்திரி வாங்கிக்கொண்டார், அவனும் தடுக்கவில்லை. சந்தையில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்குமாம், மத்தியானத்துக்கெல்லாம் ஓய்ந்துவிடுமாம் என்று அவன் அக்காவிடம் சொன்னான். அங்கே யாருக்கும் தன்னைத் தெரியாது என்றான். எந்தக் கையால் மூட்டை தூக்கினாலும் ஒன்றுதான் என்றான். வேளாவேளைக்குச் சாப்பிடு என்று அவள் சொன்னாள். பேருந்து வந்தது. ஏறுவதற்கு முன் மூட்டையை வாங்கிக்கொள்ள அவன் கை நீட்டினான். மேஸ்திரி கொடுக்கத் தயங்கினார். அப்புறம் கொடுத்துவிட்டார். வரேன் அத்தான் என்று அவன் முறைப்படி சொல்லிக்கொண்டான். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

கணவனும் மனைவியும் திரும்பி வந்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தை நிறுத்திவிட்டு, தம்பி ஊருக்குக் கிளம்பிவிட்டாரா, திரும்ப எப்போது வருவார் என்று கேட்டாள். மேஸ்திரி நின்று, பதில் சொல்ல உதட்டைப் பிரித்தார்.

“வர மாட்டான்” என்று அக்கா முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போனாள்.